காலணியைக் கழற்றச் சொல்லுங்கள், டாக்டர்

சர்க்கரை நோயாளிகளைத் தினமும் பார்க்கும் பொது மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் அறையில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். 11 வருடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அப்படியோர் அறைக்குப் போய் வந்தவள் நான். வெளியே இன்னும் 30 பேர் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா ரிப்போர்ட்டை நீட்டுவார். டாக்டர் வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்று பார்ப்பார். பிரஷர் பார்ப்பார். மாத்திரையைக் கூட்டுவார், இல்லாவிட்டால் அதையே தொடரச் சொல்வார். எழுதிக்கொண்டே, "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்லை டாக்டர்" என்பார் அப்பா. எதையும் மறைக்க நினைத்து அவர் அப்படிச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த 11 வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த அறையில் ஷூவைக் கழற்றியதில்லை. கழற்றச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்துத் தரையில் சிவப்பாகக் கறை, இரண்டடிக்கு ஒன்றாக வரிசையாக இருந்தது. அப்பாதான் முதலில் பார்த்தார். "யாருக்கும்மா அடிபட்டுச்சு? பாரேன், வீடெல்லாம் ரத்தம்" என்று என்னைக் கூப்பிட்டார். கறை குளியலறை வாசலில் ஆரம்பித்து, அவர் நின்றுகொண்டிருந்த இடத்தில் முடிந்தது. நான் அவர் காலைப் பார்த்தேன். அவரோ இன்னும் என் காலையும் அம்மா காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் உட்கார வைத்துப் பாதத்தைத் தூக்கினேன். பெருவிரலுக்கு அடியில், நடக்கும்போது முழு எடையும் விழுகிற இடத்தில், தோல் மஞ்சளாகத் தடித்துக் காய்த்துப் போயிருந்தது. நடுவில் அது பிளந்து உள்ளே குழியாக இருந்தது. என் சுண்டுவிரல் நுனி அதற்குள் போயிருக்கும். முந்தின நாள் போட்டிருந்த ஷூவை எடுத்துக் கவிழ்த்தேன். சட்டைப் பொத்தான் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. எத்தனை நாளாக அதன் மேல் நடந்துகொண்டிருந்தாரோ, அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

கிருமி அதற்குள் எலும்பு வரை போய்விட்டது. வாரக்கணக்கில் ஊசி மருந்து ஏறியும் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. கால் தப்பியதே பெரிது என்றார் அறுவை மருத்துவர். கட்டிலில் படுத்திருந்த அப்பா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "வலிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த நோயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் படித்ததெல்லாம் உங்களுக்கு முதலாண்டுப் பாடமாக இருக்கலாம். ஆனாலும் எழுதுகிறேன். இதை நோயாளிகளும் படிப்பார்கள் இல்லையா.

நம் உடம்பில் மிக நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால் விரல் நுனி வரை போகிறவை. வருடக்கணக்காகச் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால், நரம்பு இழையும் கெடுகிறது, அந்த இழைக்கு ரத்தம் கொடுக்கும் நுண்ணிய நாளங்களும் கெடுகின்றன. நீளமான நரம்பின் கடைசி முனைதான் முதலில் பட்டுப்போகும். அதனால்தான் மரத்துப்போவது விரல் நுனியில் ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. முழங்கால் பக்கம் வரும்போது கைவிரல் நுனியும் சேர்ந்துகொள்ளும்.

சிலருக்கு இது எரிச்சலாக வரும், ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், ராத்திரி போர்வை பட்டாலே தாங்காது. அவர்கள் உங்களிடம் வந்து சொல்லிவிடுவார்கள். அப்பாவுக்கு அப்படி எதுவுமே இல்லை. ஒரு நாள் இருந்த உணர்ச்சி அடுத்த நாள் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். இல்லாமல் போன ஒன்றை ஒருவர் எப்படித் தொந்தரவு என்று சொல்வார்? உங்கள் கேள்வி தப்பில்லை டாக்டர். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நரம்பு அப்பாவிடம் இல்லை.

உணர்ச்சி போவதோடு நிற்பதும் இல்லை. பாதத்தின் சின்னச் சின்னத் தசைகளை இயக்கும் நரம்பு கெட்டால் விரல்கள் மடங்கிப்போகின்றன. எடை விழ வேண்டிய இடம் மாறி, ஒரே புள்ளியில் அழுத்தம் கூடுகிறது. வியர்வையைக் கவனிக்கும் நரம்பு கெட்டால் தோல் வறண்டு வெடிக்கிறது. அழுத்தம் விழும் இடத்தில் தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தடிக்கிறது. அந்தக் காய்ப்பே பிறகு செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி உள்ளிருந்து குத்துகிறது. மேலே பார்த்தால் தடித்த தோல், அடியில் ரத்தம் கட்டியிருக்கும். ரத்த நாளமும் சுருங்கியிருந்தால் புண் ஆறாது. சர்க்கரை நோயால் கால் எடுக்க வேண்டி வந்தவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்கு அது முதலில் ஒரு புண்ணாகத்தான் இருந்திருக்கிறது என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு புண். கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் தொடக்கூடிய ஒன்று.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது, சொல்லாமல் போக மனமில்லை. 1946இல் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். நோயே சதையை அழுகவைத்து விரல்களைத் தின்றுவிடுகிறது என்று நம்பியிருந்த காலம் அது. அவர் கூர்ந்து கவனித்துக் கண்டது வேறு. வலி தெரியாததால் அவர்கள் தங்களையே அறியாமல் காயப்படுத்திக்கொள்கிறார்கள், காயம்பட்ட இடத்தையே மேலும் மேலும் பயன்படுத்துகிறார்கள். விரல் போவது அதனால்தான். பிறகு 1960களில் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் அதே கதை நடப்பதைப் பார்த்து, அதே முறைகளை அங்கேயும் கொண்டுவந்தார். புண்பட்ட பாதத்தின் மேல் எடை விழாமல் பார்த்துக்கொண்டால் அது ஆறும் என்று காட்டினார். நான் பிறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்ட சங்கதி. 1989இல் இத்தாலியில் செயின்ட் வின்சென்ட் என்ற ஊரில் ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகளும் மருத்துவர்களும் நோயாளிகளும் கூடி, சர்க்கரை நோயால் கால் எடுப்பதை ஐந்தே வருடத்தில் பாதியாகக் குறைப்போம் என்று உறுதி எடுத்தார்கள். முடியும் என்று தெரிந்ததால்தானே அப்படியோர் உறுதி எடுத்திருப்பார்கள்.

சரி, நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் மருத்துவர்கள் 2011இல் எழுதியது. கருவி எதுவும் வேண்டாம், உங்கள் ஆள்காட்டி விரல் போதும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். வலது காலைத் தொட்டால் "வலது" என்றும் இடது காலைத் தொட்டால் "இடது" என்றும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று இரண்டு கால்களிலும் மொத்தம் ஆறு விரல் நுனிகளை, இறகு படுகிற மாதிரி ஓரிரு வினாடி தொடுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, சுரண்டக்கூடாது. தெரியவில்லை என்றால் அதே விரலில் இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது.

10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை உங்களிடம் இருந்தால் இன்னும் நல்லது. அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் இருந்தால் அதைவிட நல்லது. ஆனால் அவை இல்லை என்பது காலைப் பார்க்காமல் விடக் காரணம் ஆக வேண்டாம். நீங்களே செய்ய வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. வெளியே பிரஷர் பார்த்து எடை போடும் நர்ஸ் இதைச் செய்யலாம். உள்ளே வருவதற்கு முன்பே ஒரு நாற்காலியில் உட்கார வைத்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லிவிட்டால் உங்கள் நேரத்தில் ஒரு நொடியும் போகாது. விரல் இடுக்கைப் பார்க்க வேண்டும், குதிகால் வெடிப்பைப் பார்க்க வேண்டும், காய்ப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், புறங்கையால் இரண்டு பாதங்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும் நாடி துடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது. உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மறுபடியும். ஒரு தடவை புண் வந்து ஆறியவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆறிய புண் திரும்ப வருவது அவ்வளவு சாதாரணம். 100 பேரில் 40 பேருக்கு ஒரே வருடத்துக்குள் வந்துவிடுகிறது. அப்பாவுக்குப் புண் ஆறியதும் நாங்கள் கொண்டாடினோம். ஆறிய பிறகுதான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று யாராவது அப்போது சொல்லியிருக்கலாம்.

சூட்டை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. மருத்துவமனையில் அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் ஓர் அம்மா இருந்தார். ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்ததாம். வலி பெரிதாக இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறார், எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்றுமில்லை என்றார்களாம், வழக்கம்போல நடந்திருக்கிறார். இரண்டு மாதத்தில் பாதத்தின் வளைவே இடிந்து அடிப்பக்கம் படகு மாதிரி ஆகிவிட்டது. சார்க்கோ பாதம் என்று அதற்குப் பெயர். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. உணர்ச்சி குறைந்த ஒருவர் ஒரு கால் மட்டும் சூடாக, வீங்கி வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை இதுதான் என்று எடுத்துக்கொண்டு அந்தக் காலை ஊன்றவே விடாதீர்கள். அன்றைக்கே பாத சிகிச்சை தெரிந்தவரிடம் அனுப்பிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் சர்க்கரை எண்ணைப் பார்ப்பது வீண் என்று நான் சொல்லவரவில்லை. அப்படி யாராவது எடுத்துக்கொண்டால் வருத்தப்படுவேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. விழித்திரைப் பாதிப்பு இல்லாமல் ஆய்வில் சேர்ந்தவர்களில், சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்திய பிரிவில் அந்தப் பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டாம் வகைக்கு (டைப் 2) இங்கிலாந்தில் 5,000 பேருக்கு மேல் சேர்த்து 20 வருடம் நடத்திய ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஒரு சதவீதப் புள்ளி குறைந்திருந்தால் கண், சிறுநீரகம், நரம்பு போன்றவற்றின் நுண்நாளப் பாதிப்பும் ஏறக்குறைய 37 சதவீதம் குறைவாக இருந்ததை அதில் கண்டார்கள். அந்த எண்ணுக்காக நீங்கள் படும் பாடு வீணில்லை.

ஆனால் அதே இங்கிலாந்து ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நோய் இருப்பதாகக் கண்டுபிடித்த அன்றைக்கே ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏதாவது ஒரு பாதிப்பின் அடையாளம் இருந்தது. இரண்டாம் வகை சர்க்கரை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளியே தெரிகிறது. அதனால் "இப்பதானே வந்திருக்கு, இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். அப்பாவிடம் சொன்னார்கள். அவர் நம்பினார்.

எண்ணைப் பற்றி நோயாளி வீட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்னால் எங்கள் வீடே மாறிவிடும். அப்பா சாப்பாட்டைப் பாதியாக்குவார், காலையும் மாலையும் நடப்பார், மாத்திரையை மணி பார்த்துப் போடுவார். வெறும் வயிற்று எண் அழகாக வரும். டாக்டர் "வெரி குட்" என்பார். அப்பாவின் முகத்தில் பரீட்சையில் பாஸான பையனின் சந்தோஷம் இருக்கும். திரும்பி வரும் வழியிலேயே விரதம் முடிந்துவிடும். சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் ஹெச்பிஏ1சி அந்த மூன்று நாள் ஏற்பாட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் ஏமாறாது. ஆனால் அதை எங்களுக்கு எப்போதாவதுதான் எழுதிக்கொடுத்தார்கள்.

ஏன் அப்படி ஏமாற்ற வேண்டும் என்று உங்களுக்குக் கோபம் வரலாம். திட்டு வாங்கப் பயந்துதான், வேறொன்றும் இல்லை. ஒருமுறை எண் கூடியிருந்தபோது, "இப்படியே போனா காலை எடுக்க வேண்டியதுதான்" என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார் டாக்டர். 62 வயது மனிதர், மகள் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த இரண்டு முறை செக்கப்புக்கு வர மறுத்துவிட்டார். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. காலைப் பற்றிப் பேசிய அந்த ஒரே நாளிலும் காலைப் பார்க்கவில்லை. எண் கூடியிருந்தால் அவரிடம் என்ன மாறியது என்று கேளுங்கள். வேலை நேரம் மாறியதா, தூக்கம் கெட்டதா, மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, வீட்டில் ஏதாவது நடந்ததா. அந்த வருடம் அப்பாவின் தம்பி இறந்திருந்தார்.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "கண்ணைப் பார்த்தீங்களா?" என்று நீங்கள் கேட்டால் நாங்கள் "பார்த்தாச்சு, போன மாசம்தான் கண்ணாடி மாத்தினேன்" என்போம். பவர் பார்ப்பதும் விழித்திரையைப் பார்ப்பதும் வேறு வேறு என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்த்தார்களா, இல்லை விழித்திரையைப் படம் எடுத்தார்களா என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை வாசிக்கிறவருக்கும் விழித்திரையில் ரத்தக்கசிவு இருக்கலாம். லேசருக்கும் கண்ணுக்குள் போடும் ஊசிக்கும் நல்ல பலன் கிடைப்பது பார்வை போவதற்கு முன்னால்தான். ரொம்ப நாள் ஏறிக்கிடந்த சர்க்கரையை வேகமாக இறக்கினால், ஏற்கனவே பாதிப்புள்ள விழித்திரை கொஞ்ச நாளைக்கு மோசமாகலாம் என்பதால், மருந்தைக் கூட்டுவதற்கு முன்பே கண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

சிறுநீரகமும் அப்படித்தான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவை ரத்தத்தில் பார்த்து, "கிரியாட்டினின் நார்மல்" என்றதும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறைய பாதி போகும் வரை அந்த எண் நார்மல் வரம்புக்குள் இருந்துவிடலாம் என்பதும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிவதை அதற்கு வெகு காலம் முன்பே கண்டுபிடிக்கலாம் என்பதும் எங்களுக்கு எப்படித் தெரியும்? வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க எழுதிக்கொடுங்கள். அது கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் மறுபடி சோதித்து உறுதி செய்துகொண்டு, பிரஷரையும் சிறுநீரகத்தையும் காக்கும் மாத்திரைகளை ஆரம்பிக்கலாம். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகள் சிறுநீரகம் செயலிழப்பதைத் தள்ளிப்போடுகின்றன என்று 2019இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. முட்டிவலிக்குக் கடையில் வாங்கி நாங்களாகவே போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைகளைப் பற்றியும் கேளுங்கள். அதை மருந்து என்றே நாங்கள் கணக்கில் வைப்பதில்லை, அதனால் சொல்ல மாட்டோம்.

மாரடைப்பும் வலியில்லாமல் வரலாம். மூச்சு வாங்குகிறது, திடீரென்று அசதியாக இருக்கிறது என்று ஒரு சர்க்கரை நோயாளி சொன்னால் வயசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை ஈறு நோயை வளர்க்கும். கால் மரத்துப்போவது எல்லாமே சர்க்கரையால்தான் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். பல வருடம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் இப்படித்தான் மரத்துப்போக வைக்கும். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும், சரிசெய்யவும் முடியும்.

வயதானவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2008இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், இதய நோய் அபாயம் அதிகமுள்ள சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்றில், எண்ணை மிகக் கடுமையாக இறக்கிய பிரிவில் இறப்பு கூடியதால் அந்தச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். 70 வயதைத் தாண்டிய, தனியாக இருக்கும் ஒருவருக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். அவருக்கு எந்த எண் சரி என்று அவரிடமும் வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லுங்கள். சர்க்கரையோடு பிரஷர், கொழுப்பு, புகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று டென்மார்க்கில் 160 பேரை வைத்து நடத்திய ஆய்வு காட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தவர்களுக்கு, ஏறக்குறைய எட்டு வருடத்தில், இதயமும் ரத்த நாளமும் சம்பந்தப்பட்ட நிகழ்வுகள் பாதியாகக் குறைந்தன.

காலுக்கே திரும்பி வருகிறேன், மன்னியுங்கள், என் மனம் அங்கேதான் இருக்கிறது.

நாங்களாகக் காலைக் காட்ட மாட்டோம். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் முன்னால் ஷூவைக் கழற்றக் கூச்சமாக இருக்கும். சாக்ஸ் நாறுமோ என்று தோன்றும், நகம் வெட்டவில்லையே என்று தோன்றும், வெளியே 30 பேர் காத்திருக்கும்போது குனிந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தால் உங்கள் நேரத்தைத் தின்கிறோமே என்று தோன்றும். அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். "ஷூவைக் கழற்றுங்க, காலைப் பார்க்கணும்." நீங்கள் சொன்னால் கழற்றாத நோயாளி இல்லை.

பார்த்த பிறகு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரி சொல்லி அனுப்புங்கள். தினமும் ராத்திரி பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும், குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக்கூடாது. வெந்நீரில் காலை வைப்பதற்கு முன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும், காலுக்குச் சூடு தெரியாது. கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் செதுக்கக்கூடாது, ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பட்டையும் போடக்கூடாது. வறண்ட பாதத்துக்குக் களிம்பு தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். கொப்புளமோ புண்ணோ தெரிந்தால் வலிக்காவிட்டாலும் அன்றைக்கே வர வேண்டும். இந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள். வலிக்காவிட்டாலும்.

அப்பா இப்போது ஷூ போடுவதைப் பார்க்க வேண்டும் நீங்கள். முதலில் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டுவார். பிறகு கையை உள்ளே விட்டு, விரல் நுனி வரை, தையல் ஓரம் வரை தடவிப் பார்ப்பார். சில நாள் கையை எடுக்காமல் ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டு யோசிப்பார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "நீ ஒருதரம் பாரும்மா" என்பார். மரத்துப்போவது கைவிரலுக்கும் வந்துவிட்டதோ என்று அவருக்குப் பயம். நான் கையை விட்டுப் பார்த்து "ஒண்ணும் இல்லைப்பா" என்ற பிறகுதான் போட்டுக்கொள்வார்.

போன வருடம் எனக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வேறொரு மருத்துவரிடம் போனேன். எடை பார்த்த நர்ஸ் என் வயதுதான் இருப்பார். "செருப்பைக் கழற்றிட்டு உட்காருங்க, கண்ணை மூடிக்குங்க" என்றார். வலது. இடது. இடது. வலது. ஆறும் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா, "ஊசி போட்டாங்களா, ஏன் கண்ணு கலங்கியிருக்கு?" என்று கேட்டார். காலைத் தொட்டுப் பார்த்தார்கள் என்று சொன்னேன். "இவ்வளவுதானா?" என்றார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உன் காலைப் பார்த்தாங்களே, அது போதும்" என்றார்.

இப்போது அவரும் அதே மருத்துவரிடம்தான் வருகிறார். நாடா வைத்த ஷூவை விட்டுவிட்டு, ஒட்டும் பட்டை வைத்த ஷூவுக்கு மாறியிருக்கிறார். கழற்ற நேரம் ஆகக்கூடாது என்று அவரே கேட்டு வாங்கியது. அடுத்த புதன்கிழமை மறுபடி செக்கப். பெயரைக் கூப்பிடும் முன்பே பட்டைகளைத் தளர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மகள்,
இப்போது உங்கள் நோயாளியும்கூட